உறையக்கூடாத பால்

பிப்ரவரி 3, திங்கள்

மூத்த பேரன் ஆன்றோ தூத்துக்குடித் துறைமுகத்தில் இன்ஜினியர். அவன் தங்கை ஜெனிபா நர்சிங் படிப்பில் கல்லூரியிலேயே இரண்டாவதாக வந்தவள். இருவரும் மகன் தேவதாசின் பிள்ளைகள். மகள் லில்லிக்கு ஒரே பெண், பெனிஷா. லில்லியும் மருமகனும் மஸ்கட்டில் இருப்பதால் ஏழு வருஷமாக அவள் என்னோடு இருக்கிறாள். மார்த்தாண்டத்தில் கல்லூரி இரண்டாம் வருஷம். மலைச் சைக்கிள் ஓட்டுகிறாள். பள்ளிக்கூடத்தில் ஜில்லாவில் முதலிடம், பிளஸ் டூ வருஷம் கோவையில் வெள்ளிக் கோப்பை. கோப்பையோடு அவள் நிற்கிற படம்தான் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் இருக்கிறது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாமல் ஒரு நாளும் சந்தையிலிருந்து மீன் வாங்கித் திரும்பியதில்லை.

ரப்பர் மரமெல்லாம் இலை உதிர்த்துவிட்டது. மார்ச் கடைசி வரை பால் வெட்டு கிடையாது. விடிந்தால் கை சும்மா இருக்கிறது.

23ஆம் தேதி பெனிஷாவுக்குக் கோத்தகிரிப் பக்கம் போட்டி. முதல் மூன்று பேரை மாநில அணிக்கு எடுப்பார்கள். போன வருஷம் இதே போட்டியில் பாதி இறக்கத்தில் டியூப் பஞ்சராகிச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிப் பதினொன்றாவதாக வந்தாள். அதனால் இந்த வருஷம் டியூபே வேண்டாமாம். டயரையும் சக்கரத்தையும் காற்றுப் புகாமல் பொருத்தி, உள்ளே ஒரு மருந்தை ஊற்றிவிடுவார்களாம். முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம்.

"டியூப் இல்லாம காத்து எங்கேட்டி நிக்கும்?" என்றேன்.

"ஒனக்க வயித்துல நிக்கலியா, அதுமாதிரிதான் அம்மச்சி."

பிப்ரவரி 5, புதன்

முற்றத்தில் சாக்கு விரித்து இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் போட்டாள். டயரை உரித்து, டியூபை உருவி எறிந்தாள். கம்பிகள் வந்து முட்டுகிற ஓட்டைகள் சக்கரத்தின் உள்வட்டம் நெடுக இருக்கின்றன. அதன்மேல் மஞ்சள் டேப்பை இழுத்து இழுத்து இரண்டு சுற்று ஒட்டினாள். அடியில் ஒரு குமிழ் நின்றால்கூடக் காற்று போய்விடுமாம். நகத்தால் தேய்த்துத் தேய்த்து ஒட்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுமைக்காரி. லில்லிக்கு இந்தப் பொறுமை இல்லை. என்னிடமிருந்து வந்ததாக இருக்கும்.

முன் சக்கரத்தில் ஒரு இடத்தில் டேப் கொஞ்சம் கோணலாகப் போனது. சொன்னேன். "அது கொழப்பமில்ல" என்றாள்.

டியூப் இரண்டையும் குப்பையில் போடப் போனாள். நான் வாங்கிக் கழுவிக் கொடியில் போட்டேன்.

மதியம் மரச்சீனிக் கிழங்கு, சாளைக் கறி.

பிப்ரவரி 6, வியாழன்

ஜங்ஷனில் டயர் கடை வைத்திருக்கும் சகாயத்திடம் சக்கரங்களை ஆட்டோவில் கொண்டுபோனோம். கையால் அடிக்கிற காற்றுக்கு இந்த டயர் சக்கரத்தைப் பிடிக்காதாம், ஒரே மூச்சில் ஏற வேண்டுமாம். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி மிஷின் காற்றைத் திறந்தான். படார் என்று இரண்டு வெடி. நான் ஒரே ஓட்டமாகப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"மைனி, டயர் வெடிக்கல்ல, டயர் சக்கரத்தோட சேந்த சத்தமாக்கும் அது" என்று சிரித்தான் சகாயம். "கலியாணத்துக்கு வெடி போடுவினும்லா, அதுமாதிரி."

பிறகு வால்வின் உள்ளூசியைக் கழற்றி, ஊசியில்லாத சிரிஞ்சால் மருந்தை உள்ளே செலுத்தினாள் பெனிஷா. மருந்து என்று அவள் சொன்னதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரப்பர் பால். நான் அரசாங்கத் தோட்டத்தில் முப்பத்தொரு வருஷம் வெட்டியெடுத்த அதே பால். கூடக் கொஞ்சம் தூளும் என்னவோ எண்ணெயும் கலந்திருக்கிறார்கள். அமோனியா வாடை மூக்கில் ஏறியது.

"இத எவ்வளவு தூரத்துலேந்து வரவழைச்சே?"

"டெல்லி."

"எனக்கிட்ட கேட்டிருந்தா பொறவாசல்ல உள்ள மரத்துல வெட்டித் தந்திருப்பேன்."

சகாயத்திடம் பேத்தியின் வெள்ளிக் கோப்பையைப் பற்றிச் சொன்னேன். நாலாவது தடவையாகச் சொல்கிறேனாம்.

பிப்ரவரி 8, சனி

பின் சக்கரம் கல்லு மாதிரி நிற்கிறது. முன் சக்கரம் காலையில் பார்த்தால் அமுங்கிக் கிடக்கிறது. நான் சொன்ன அந்தக் கோணல் டேப்தான்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்றைக்கும் காற்று இல்லை. பெனிஷா பம்பை வைத்து அடித்து, சக்கரத்தைக் குலுக்கி, பக்கவாட்டில் படுக்கப்போட்டு, திருப்பிப்போட்டு என்னவெல்லாமோ செய்தாள்.

"ரெண்டு நாள் ஓட்டினா தானா அடையும் அம்மச்சி. பால் எல்லா எடத்துலயும் போய்ச் சேரணும்."

"பால் உறையல்ல மக்ளே. அதாக்கும் காத்து போவுது."

"நீ பேசாம இரி."

கஞ்சி குடிக்கும்போது சொன்னாள்: அணிக்கு எடுத்துவிட்டால் மூன்று மாதம் சென்னையில் முகாம், பிறகு அங்கேயே விடுதி, கல்லூரியையும் அங்கே மாற்றித் தருவார்களாம். நல்லது என்றேன். நல்லதுதானே. கோழிக்கூட்டின் கதவு ஒரு பக்கம் இறங்கிவிட்டது. நாளைக்கு ஆணி அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். பெனிஷாவிடம் சொல்லவில்லை. பலித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அவள் கல்லூரிக்குப் போனதும் முன் சக்கரத்தை எடுத்தேன். ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைச் சாய்ப்பில் ஆசிட் குப்பி இருக்கிறது. பால் தட்டத்தில் இரண்டு மூடி ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் மறுநாள் தயிர் மாதிரி உறைந்துவிடும், உருட்டி ஷீட் எடுக்கலாம். ஆசிட் இல்லாமல் பால் எங்கே உறையும். டெல்லிக்காரனுக்கு இது தெரியவில்லை.

வால்வைக் கழற்றும் சின்னச் சாவி அவள் மேசையில் இருந்தது. அவள் செய்தபடியே உள்ளூசியைக் கழற்றினேன். சிரிஞ்சில் ஆசிட் தண்ணீர் எடுத்து, ஒரு தேக்கரண்டி அளவு இருக்கும், உள்ளே விட்டேன். சக்கரத்தை அவள் குலுக்கியது மாதிரியே குலுக்கினேன். காற்றடித்து வைத்தேன். சிரிஞ்சைக் கழுவி எடுத்த இடத்தில் வைத்தேன்.

கோழிக்கூட்டுக் கதவும் சரியாகிவிட்டது.

பிப்ரவரி 12, புதன்

காற்று இறங்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

இன்றும் இறங்கவில்லை. "பாத்தியா, தானா அடையும்ணு சொன்னேனா இல்லியா" என்று பெனிஷா முற்றத்தில் குதித்தாள். நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். நாக்கு நுனி வரை வந்தது. போட்டி முடிந்து கோப்பையோடு வரட்டும், அப்போது எல்லாருக்கும் முன்னால் சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டேன்.

சந்தையில் மீன்காரி பேபியிடம் மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 15, சனி

பெனிஷா எலுமிச்சை முள் ஒன்றை ஒடித்து வந்தாள். "அம்மச்சி, ஒரு வித்த பாரு" என்று பின் சக்கரத்தில் முள்ளைக் குத்தி உருவினாள். உஸ் என்று காற்று வந்தது. சக்கரத்தைச் சுற்றினாள். ஓட்டையில் வெள்ளையாக ஒரு சொட்டு பொங்கி, நுரைத்து, நின்றது. காற்றுச் சத்தமும் நின்றது.

"எப்பிடி?" என்றேன்.

"உள்ள பால் பாலாவே கெடக்கும். சக்கரம் சுத்தும்போ அதுவும் ஓடிக்கிட்டே இருக்கும். ஓட்ட வந்தா ஓடிவந்து அங்க மட்டும் உறையும். உறையாம இருக்கத்தான் அமோனியா போட்டிருக்கான். அது உறைஞ்சு போச்சுண்ணா அப்பொறம் டயருக்குள்ள ஒண்ணும் இல்லண்ணு அர்த்தம்."

"முன் சக்கரத்திலயும் குத்திப் பாப்பமா?"

"எதுக்கு நல்ல டயர்ல ஓட்ட போடணும்?"

அடுப்பில் வைத்த கறி அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோவிலுக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வந்ததும் மருந்துக் குப்பியின் அடியில் இருந்ததை இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் விட்டேன். ஒன்றில் ஒரு சொட்டு ஆசிட். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது திரைந்து, கட்டியாகி, தண்ணீர் தனியே பிரிந்துவிட்டது. மற்றது சாயங்காலம் வரை அப்படியே பாலாகக் கிடந்தது.

தோட்டத்தில் பால் வண்டி வரும் நாளில் பீப்பாயில் அமோனியா ஊற்றியது நான்தான். ஃபாக்டரி போய்ச் சேரும் வரை உறையாமல் இருக்க. அன்று சகாயம் கடையில் அந்த வாடை வந்தபோதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. எனக்குத் தெரியும் என்கிற நினைப்பு முந்திக்கொண்டது.

இரண்டு சிரட்டையையும் வாழை மூட்டில் புதைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

"முன்னால உள்ளுக்குள்ள என்னமோ உருளுது அம்மச்சி. பைய போனா டொக் டொக்குண்ணு கேக்குது" என்றாள். சகாயத்திடம் கொண்டுபோனாள். பால் கொஞ்சம் கட்டி தட்டியிருக்கும், பிடித்து நிற்கிற டயரைக் கழற்றினால் மறுபடி பிடிக்கிறதோ என்னவோ, போட்டி முடியட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறான்.

கட்டி எவ்வளவு பெரிது என்று அவனுக்குத் தெரியாது.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போட்டித் தடத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். தேயிலைக்கு நடுவில் ஒரு செங்குத்து இறக்கம், அடியில் பாறை, அதன்பிறகு வலப்பக்கம் ஒரு திருப்பு. இடப்பக்கம் வெறும் காற்று.

"போன வருஷம் பஞ்சராவுமோண்ணு பயந்து பயந்து எறங்கினேன் அம்மச்சி. இந்தத் தடவ பிரேக்குல கை வைக்கமாட்டேன். டயர நம்பி விட்டுருவேன்."

"பிரேக்கு பிடிக்கணும் மக்ளே."

"பிடிச்சா நாலாவதுதான்."

"முன் சக்கரம்..." என்றேன். அப்போது லில்லியின் போன் வந்தது. மஸ்கட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம், மகள் மாநில அணிக்குப் போகிறாள் என்று. பெனிஷா போனை என்னிடம் கொடுத்தாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 19, புதன்

இன்றும் சொல்லவில்லை. தலைவலி.

பிப்ரவரி 20, வியாழன்

அவள் மூட்டை கட்டிவிட்டாள். கொடியில் கிடந்த பழைய டியூப் இரண்டையும் பவுடர் போட்டு மடித்து, அவளுடைய சிவப்புச் சட்டைக்குள் சுருட்டி, பையின் அடியில் வைத்தேன். அவள் பார்த்தால் வெளியே எறிவாள், அதனால் மேலே அவல் பொட்டலம்.

இது போதும் என்று நினைக்கிறேன். பஞ்சரானால் டியூப் போட்டுக்கொள்வாள்.

அந்தத் திருப்பில் எப்படிப் போடுவாள்.

அவள் தோற்று இங்கேயே இருக்கட்டும் என்று நான் நினைத்ததாக யாரும் சொல்ல முடியாது. பதினோராம் தேதி காலையில் நான் அதையெல்லாம் நினைக்கவே இல்லை. காற்று நிற்க வேண்டும் என்றுதான் செய்தேன். அதற்கு முந்தின நாள்தான் அவள் விடுதியைப் பற்றிச் சொன்னாள் என்பது தற்செயல்.

பிப்ரவரி 21, வெள்ளி

கோவை ரயிலுக்கு நாகர்கோவில் போய் ஏற்றிவிட்டேன். சைக்கிளைக் கழற்றிப் பெரிய உறையில் போட்டிருந்தாள். அவளுக்குச் சைக்கிள் பழக்குகிற மாஸ்டரும் வேறு மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மாஸ்டர் என்னிடம், "பாட்டி, உங்க பேத்தி எங்களோட நம்பிக்கை" என்றார். மாஸ்டர் கோயம்புத்தூர்க்காரர்.

ரயில் நகரும்போது அவள் ஜன்னல் வழியே, "கோழிய அடைக்க மறக்காத" என்றாள். கையைக் காட்டினேன். முன் சக்கரம் பொதிந்திருந்த உறையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 22, சனி

காலையிலிருந்து அவளுக்குப் போன் செய்கிறேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். மலை. டவர் கிடைக்காத இடம் என்று முன்பே சொல்லியிருந்தாள். மாஸ்டரின் நம்பர் என்னிடம் இல்லை. பத்துத் தடவை கூப்பிட்டேன், பதற்றமும் வெப்ராளமுமாகக் கஞ்சியைக்கூட வடிக்கவில்லை.

எனக்கு இந்தப் போனில் தெரிந்தது இரண்டு காரியம். பச்சையை அழுத்திப் பேசுவது, குடும்பக் குழுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசி அனுப்புவது. குழுவில் பதினாறு பேர். தேவதாசு, மருமகள், ஆன்றோ, ஜெனிபா, லில்லி, மருமகன் வீட்டார் எல்லாரும். டவர் கிடைத்ததும் பெனிஷா முதலில் பார்ப்பது அதைத்தான். தனியாக அவளுக்கு மட்டும் அனுப்புவது எப்படி என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன ஏது என்று சொல்ல வேண்டும், அங்கேயும் ஒருத்தி சந்தைக்குப் போகிறவள்.

பதினொன்றரைக்கு மைக்கைப் பிடித்தேன். சொன்னது இது:

"மக்ளே பெனிஷா, அம்மச்சியாக்கும். ஒனக்க முன் சக்கரத்துல பால் உறைஞ்சு போச்சு. தானா உறையல்ல. ஆசிட் விட்டது நானாக்கும், பதினொண்ணாம் தேதி, நீ காலேஜுக்குப் போனப்பம். உள்ள உருளுதது அந்தக் கட்டியாக்கும். முள்ளு குத்தினா அடைக்காது. புதுசா பால் ஊத்தாத, உள்ள ஆசிட் ஈரம் கெடக்கு, அதுவும் உறையும். டயர கழட்டு, கட்டிய எடுத்துக் களை, டியூப் போடு. டியூப் பைக்கு அடியில செவப்புச் சட்டைக்குள்ள இருக்கு. பிரேக்கு பிடிச்சு எறங்கு. தப்புண்ணு தெரிஞ்ச பொறவும் இத எட்டு நாளா நான் சொல்லாம இருந்தேன்."

விரலை எடுத்ததும் போய்விட்டது. திரும்ப எடுக்க முடியுமாம். எனக்குத் தெரியாது.

பத்து நிமிஷத்தில் தேவதாசு கூப்பிட்டான். "அம்மா, என்ன காரியம் செஞ்சிட்டு வச்சிருக்க?" லில்லி கூப்பிட்டாள். மாஸ்டரின் நம்பர் அவளிடமும் இல்லை. குழுவில் போட்டதைக் கேள் என்று ஜெனிபா பெனிஷாவுக்குத் தனியாக எழுதினாள். அதற்கு நீல டிக் வரவில்லை என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. ஒன்பதுக்குப் போட்டி. எட்டு மணி வரை டிக் இல்லை. எட்டு இருபதுக்கு ஜெனிபா கூப்பிட்டாள்: "பாட்டி, நீல டிக் வந்துட்டு, பாத்துட்டா."

பிறகு குழுவில் ஒரு படம் வந்தது. எழுத்தில்லை, அவள் முகமும் இல்லை. அவள் உள்ளங்கை, அதில் கோழிமுட்டை அளவு வெள்ளைக் கட்டி.

ஒன்பதிலிருந்து பதினொன்று வரை முற்றத்தைப் பெருக்கினேன். இலை விழ விழப் பெருக்கினேன்.

பதினொன்று நாற்பதுக்கு ஒரே ஒரு சொல்: "நாலாவது."

விழவில்லை. முதலில் அதைத்தான் நினைத்தேன். பிறகுதான் மற்றது.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். முழங்கையில் சிராய்ப்பு. குளித்தாள், தூங்கினாள். பொரித்த மீனைத் தொடவில்லை, வெறும் கஞ்சி. கோழிகளோடு பேசினாள்.

மாலையில் சகாயம் சக்கரம் பார்க்கும் சாக்கில் வந்தான். அவனிடம் அவள் சொன்னதைத் திண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். டியூப் போட்டதால் காற்று கூடுதல் வைக்க வேண்டியிருந்தது, பாறையில் சக்கரம் துள்ளி முழங்கை உரசியது, பிரேக் பிடித்து இறங்கினாள். மூன்றாவது வந்தவளுக்கும் இவளுக்கும் பதினேழு விநாடி. அந்தத் திருப்புக்கு முன்னால் தடம் முழுக்கத் தேயிலை கவாத்து செய்த குச்சி கிடந்ததாம். முன் டியூப் போட்டிக்குப் பிறகு பார்த்தால் குச்சி குத்தி ஒரு இடத்தில் லேசாகக் காற்று விட்டுக்கொண்டிருந்ததாம்.

"அப்பம் அந்த வெறும் டயரோட போயிருந்தா?" என்றான் சகாயம்.

அவள் கோத்தகிரியில் எடுத்த படம் ஒன்றைப் போனில் அவனிடம் காட்டினாள். "முகமெல்லாம் சேறு, கையில ரத்தம்" என்றான்.

பிப்ரவரி 26, புதன்

காலையில் முற்றத்தில் சாக்கு விரித்திருந்தாள். நான் உள்ளேயே நின்றேன்.

"அம்மச்சி."

போனேன்.

"டயருக்குள்ள ஒட்டிப் பிடிச்சிருக்கு. நகத்துல சுரண்டினா வரமாட்டேங்குது. மரத்துல வெட்டுவாய்ல காஞ்ச ஒட்டுப்பால் எப்பிடி எடுப்பே?"

உட்கார்ந்தேன். ஒரு முனையை நகத்தால் கிளப்பி, இழுக்காமல் டயரோடு சாய்த்து உருட்டிக்கொண்டே போனேன். நீளமாக நாடா மாதிரி கழன்று வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். டயரைச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினோம். கோணல் டேப்பைக் கிழித்துப் புதிதாக ஒட்டினாள். புதுக் குப்பியைத் திறக்கும்போது என்னைப் பார்த்தாள்.

"நீ அங்க, கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல போய் இரி."

போய் இருந்தேன்.

"நாலாவதையும் காத்திருப்புல போட்டிருக்காங்க. மூணு பேருல யாரும் வரல்லண்ணா கூப்பிடுவாங்க. அடுத்த மாசம் தெரியும்" என்றாள் சக்கரத்தைக் குலுக்கிக்கொண்டே. பிறகு, "என்னைய போகக்கூடாதுண்ணு செஞ்சியா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பதினோராம் தேதி காலையை யோசித்துப் பார்த்தேன். "எனக்குத் தெரியல்ல மக்ளே" என்றேன்.

அவள் சக்கரத்தைப் படுக்க வைத்தாள், திருப்பிப் போட்டாள். காது வைத்துக் கேட்டாள். உள்ளே பால் ஓடுகிற சத்தம் எனக்கும் கேட்டது.

மத்தியானம் பொரித்த மீன் இரண்டு துண்டு தின்றாள்.

சாயங்காலம் குழுவில் மைக்கைப் பிடித்தேன். பதினாறு பேரும் கேட்கட்டும்:

"மக்ளே பெனிஷா, முகப்புல உள்ள அந்தக் கப்புப் படம் பழசாச்சு, அத எடுத்துரு. சகாயத்துக்கு நீ காட்டினேல்லா, கோத்தகிரியில முகமெல்லாம் சேறும் கையில ரத்தமுமா நிக்கிய படம், எனக்கு அத நீ இன்னும் காட்டல்ல. அதப் போடு. நாளைக்கு மெட்ராசுலேந்து கூப்பிட்டா, சட்டைய நான் மடிச்சு வச்சுத்தாறேன், அங்க போன ஒடனே ஒண்ணு எடுத்து அதையும் போடு."